எந்த மூன்றாம் வீதி?

என் மகளை உங்கள் வீட்டு மருமகளாக அழைத்துக்கொண்டு, கூடவே என்னையும் தெருவுக்கு இழுத்துவந்த சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. எள்ளு, பச்சரிசி, வாழைக்காய் என்று உங்கள் மகன் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உட்கார்ந்தால் கால் எழுந்திரு என்கிறது, எழுந்து வாசலுக்குப் போனால் எங்கே போவது, யாரோடு போவது என்று கேட்கிறது. காலையிலிருந்து இரண்டு தடவை தெருமுனை வரைக்கும் போய்விட்டுச் சும்மா திரும்பினேன். கடைசியில் உங்கள் படத்துக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் அந்த ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்தைக் காட்டித்தான் வாத்தியார் மற்றப் பிள்ளைகளைத் திட்டுவார். அதனால் நீங்கள் தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் நல்ல செய்தி. நம் பேத்தி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டாள். ஆசிரியைப் பயிற்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது. இரட்டைப் பின்னலும் தோளில் பையுமாக அவள் போகிற போக்கைத் தெருவே பார்க்கிறது. உங்கள் பெயரை வைத்ததால் என் மகள் இன்னும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாமியார் பெயரை வாயால் சொல்லலாமா என்கிறாள். "நீ சொல்றது அவங்க காதுல விழவா போவுது?" என்று கேட்டால், "விழுந்துட்டா?" என்கிறாள். ஆகையால் இன்னமும் பாப்பாதான்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள். ஊரே சிரித்தாகிவிட்டது.

நான் தெரு மாறிப் போய்விட்டேன், சம்பந்தி. இந்தப் புதுக்கோட்டையில் பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, இங்கேயே பேத்தி எடுத்தவள், தெரு மாறிப் போய்விட்டேன்.

நம் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், குளத்தைப் பார்ப்பார்கள், நூல் பிடித்தது போல வீதி போட்டிருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் திருச்சி பஸ்ஸைப் பிடிப்பார்கள். நடுவில் நாலு திசைக்கும் நாலு ராஜ வீதி. அதைச் சுற்றி நாலு இரண்டாம் வீதி, அதையும் சுற்றி நாலு மூன்றாம் வீதி. வெளியூர்க்காரர்களுக்கு இது அழகு. இங்கே பிறந்தவர்களுக்கு இது பேச்சுக்கூட இல்லை. நாங்கள் திசை சொல்லமாட்டோம். மூணாம் வீதி என்றால் மூணாம் வீதிதான். மேலப்பக்கம் இருக்கிறவருக்கு அது மேல மூன்றாம் வீதி, கீழப்பக்கம் இருக்கிறவருக்குக் கீழ மூன்றாம் வீதி. திசை கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் அசலூர் என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். அறந்தாங்கியிலிருந்து வாக்கப்பட்டு வந்து, பிள்ளைகள் பெற்று, மருமகள் எடுத்த பிறகும், யாராவது ஒரு வீட்டைச் சொன்னால், "கீழயா மேலயா? வடக்கா தெக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. நான் சிரிப்பேன். "அறந்தாங்கி அறந்தாங்கிதான்" என்பேன். "ஆமா, ஒங்க ஊரு ராசா கோடு போட்டு ஊரைக் கட்டுனாரு, ஆனா பேரு வைக்க ஆள் கெடைக்கலை போலருக்கு" என்று நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள்.

ஆனால் இந்த ஊரின் உள்ளே போக எனக்கு வழி காட்டியது அந்த அறந்தாங்கிக்காரிதான். சமஸ்தானம் போய் நாம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் என் மகளை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது வீதி மட்டும்தான். வீட்டின் முகம் வீதியில், முதுகு சந்தில். இரண்டு வீதிகளுக்கு நடுவில், பின்கட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற அந்தச் சந்துகளுக்குள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனது நீங்கள். "சம்மந்தி, வாசலைப் பாத்து என்னத்துக்கு ஆவுது? வாசல்ல எல்லாரும் கோலந்தான் போட்டிருப்பாங்க. பொறவாசலைப் பாருங்க."

அப்புறம் என்ன, சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், "ரெண்டு சம்மந்தியும் போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்று ஆகிவிட்டது. ஆண்கள் போய் நிலம் எவ்வளவு, தொழில் என்ன என்று விசாரிப்பார்கள். நாம் சந்துக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்போம். தண்ணீரை யார் கொண்டுவருகிறார்கள், எந்தச் செம்பில் கொண்டுவருகிறார்கள், கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்களா, நின்று பேசுகிறார்களா. அவ்வளவுதான். அந்த வீட்டில் போய் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. அது உங்கள் சட்டம். கேட்டுவிட்டால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள், அப்புறம் வெள்ளிச் செம்பில்தான் தண்ணீர் வரும் என்பீர்கள்.

இப்போது பாப்பாவுக்கே வரன் வந்தது. தரகர் வந்து சொன்னார். "மூணாம் வீதியில தவச மண்டிக்காரர் வீடு, நெல்லு கம்பு யாவாரம். வாசல்ல வேம்பு நிக்கும். ரெண்டு மகன். மூத்தவனுக்கு ஆயிருச்சு, இது சின்னவன். நல்ல பையன்." எங்கள் வீடும் உங்கள் வீடும் மேல இரண்டாம் வீதியில். அடுத்த வீதி மூணாம் வீதி. கூப்பிடு தூரம். யார் கேட்பார்கள், எந்த மூணாம் வீதி என்று? கேட்கிற ஆள் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாகிவிட்டது.

நான் கிளம்பும்போது பாப்பா வாசற்படி வரைக்கும் கூடவே வந்தாள்.

"அம்மாச்சி, எனக்கு ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்க வெளிய தெருவ போவாங்களா?"

"ஏன்டி, கோயிலுக்கா?"

"எதுக்காச்சும். சும்மாகூட. நான் படிச்சு முடிச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்ல. அதோட..." என்று இழுத்தாள். "அதோட அப்பத்தாவும் நீங்களும் சுத்துன மாதிரி நானும் சுத்தணும்."

உங்கள் ரத்தம், வேறு எப்படிப் பேசும்?

மேல மூன்றாம் வீதிச் சந்தில் மண்டிக்காரர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. பின்கட்டில் சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் கேட்டேன். மாமியார்க்காரியே எழுந்து வந்து, பளபளவென்று விளக்கிய பித்தளைச் செம்பில் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே மருமகள் காய்கறிப் பையோடு சந்துக்குள் நுழைந்தாள். தனியாகத்தான் வந்தாள்.

மாமியார் பைக்குள் கையை விட்டார். "பாருங்கம்மா, வெண்டைக்காய முத்தலாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்திருக்கா. இதை வெறகா வச்சு எரிக்கலாம்."

"அப்ப நாளைக்கு நீங்களே போங்கத்தை. நான் ஒங்க கட்டில்ல படுத்துக்கிறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பொய்ச் சிரிப்பு இல்லை, எனக்குத் தெரியாதா? நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அங்கிருந்து தரையில் கால் பாவாமல் வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் மகனிடம், "கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க மாப்பிள்ளை. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். என் வார்த்தையை நம்பி அவர் வாக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாகப் பேசிமுடித்தார்கள். பாப்பாவும் சரி என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

நான் மனசுக்குள் உங்களிடம் சொல்லிக்கொண்டேன், பார்த்தீர்களா, நீங்கள் இல்லாமலே முடித்துவிட்டேன் என்று.

தட்டு மாற்றுவதற்கு முன் ஒரு நாள் காலை, உங்கள் மகன் தரகரோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். நான் முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "போறப்ப வெயிலு மொகத்துல அறையுது அத்தை, கண்ணைத் தொறக்க முடியலை" என்றார்.

கை நின்றுவிட்டது. நம் வீட்டிலிருந்து காலையில் மேல மூன்றாம் வீதிக்குப் போகிறவருக்கு வெயில் முதுகில்தானே அடிக்கவேண்டும்?

"எந்த வழியாப் போனீங்க மாப்பிள்ளை?"

"எந்த வழியா போவாங்க? ராஜ வீதியைத் தாண்டி நேராக் கெழக்க. கீழ மூணாம் வீதிக்கு வேற வழி இருக்கா?"

புளியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். மண்டி வைத்திருக்கிறவர்கள் அந்தப் பக்கமும் உண்டு, இந்தப் பக்கமும் உண்டு. வாசலில் வேம்பு இல்லாத வீடு இந்த ஊரில் எது? இதெல்லாம் ஊரைக் கடந்து நடக்கும்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. வழியெல்லாம் உங்கள் குரல்தான். கீழயா மேலயா? கீழயா மேலயா?

கீழ மூன்றாம் வீதிச் சந்து நமக்குத் தெரிந்த சந்துதான். முனையில் தகரப் பட்டறை, டிரங்குப் பெட்டி அடிக்கிறார்களே, அது. மண்டிக்காரர் வீட்டுப் பின்கதவு சாத்தியிருந்தது. உச்சி வெயில். சந்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. ஒரு கை மட்டும் வெளியே வந்து செம்பைப் படியில் வைத்தது. கையில் கண்ணாடி வளையல். கதவு மறுபடி சாத்திக்கொண்டது, ஆனால் முழுசாகச் சாத்தவில்லை.

"குடிச்சிட்டு அங்கனயே வச்சிருங்கம்மா. அத்தை படுத்திருக்காக."

குடித்தேன். செம்பை வைத்தேன். போகத் திரும்பியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது, மெதுவாக.

"அம்மா, நீங்க அந்த மொனை வழியாத்தானே வந்தீங்க? அங்கிட்டு டங்கு டங்குன்னு பகலெல்லாம் ஒரு சத்தம் கேக்குமே, அது என்னதும்மா?"

சம்பந்தி, அந்தப் பட்டறைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் நாலு வீடு இருக்குமா?

"தகரப் பெட்டி அடிக்கிறாங்கம்மா" என்றேன்.

"பெட்டியா! நான் யாரோ வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்கிறாகன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." ஒரு சின்னச் சிரிப்பு. ஏதோ பெரிய விஷயம் கிடைத்தது போல.

"நீ எந்த ஊரும்மா? வந்து எத்தனை நாளாச்சு?"

"மணமேல்குடி. கல்யாணமாகி வந்து இது நாலாவது வருசம். எங்க ஊர்ல வீட்டைத் தாண்டுனாக் கடலு. பகலெல்லாம் கரையிலதான் கெடப்போம்." அப்புறம் அவசரமாகச் சேர்த்தாள். "இங்க நல்லா வச்சிருக்காகம்மா. கொறை சொல்லக் கூடாது. பூவு, காயி, சேலை, வளையல் எல்லாம் வீடு தேடி வந்துரும். போகணும்னு அவசியமே இல்லை." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அம்மா, இந்த ஊரு எப்படி இருக்கும்?"

ஊருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் கேட்கிறாள், இந்த ஊர் எப்படி இருக்கும் என்று. நான் என்ன சொல்ல? கதவுச் சந்தில் வாயை வைத்து, "இங்கிட்டுத் திரும்பினா வடக்கு மூணாம் வீதிம்மா, அங்கன மூலையில ஒரு அரச மரம்..." என்று ஆரம்பித்தேன். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். தெரு மாறிய கதையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்களா? நீங்களா அம்மாச்சி? அப்பத்தா இருந்திருந்தா தண்டோராப் போட்டிருப்பாக!" அப்புறம் சிரிப்பு தானாக நின்றது. "சரி, இந்த வீட்டுல தண்ணி யாரு கொண்டுவந்தா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் போய்ப் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். அவிழ்ப்பதும் பின்னுவதுமாக இருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் மகனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்து நீங்கள் பார்த்திருப்பீர்கள், நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"வாக்குக் குடுத்தாச்சு அத்தை. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. எங்க மாமியா தெரு மாறிப் போயிட்டாங்கன்னு நான் சபையில சொல்லவா? சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும் மாப்பிள்ளை."

"சரி, மாறித்தான் போனீங்க. இப்ப இந்த வீட்டையும் பாத்துட்டீங்கள்ல. இதுல என்ன கொறை? அதைச் சொல்லுங்க."

அதைத்தான் சொல்ல முடியவில்லை. அந்த மருமகள் என்னிடம் பேசினாள் என்று இவரிடம் சொன்னால் இவர் மண்டிக்காரரிடம் கேட்பார். அவர் வீட்டுக்குப் போய்ப் பின்கதவுக்குப் பூட்டுப் போடுவார். அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரு விரற்கடைக் கதவிடுக்கும் போய்விடும். "சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லை" என்றேன். "அப்பறம் என்னத்துக்கு?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நல்லவேளை நீங்கள் பார்க்கவில்லை.

சம்பந்தி, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இதை எத்தனை தடவை கேட்டேனோ. நான் வாயை மூடிக்கொண்டால் என் பெயர் கெடாது. இந்த வீட்டில் நான் சொன்னது தப்பாது என்கிற பெருமையும் அப்படியே இருக்கும். பாப்பா மட்டும் ஒரு கதவுக்குப் பின்னால் நின்று, வருகிறவர் போகிறவரிடம் சத்தத்துக்கெல்லாம் பெயர் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு அப்புறம் நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை வந்தது. கூடம் நிறைய ஜமக்காளம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நம்மவர்கள், நடுவில் தட்டுகள். மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்து கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான். உங்கள் கொழுந்தனார்தான் சபை நடத்தினார். தட்டு மாற்றுவதற்கு முன்னால் வழக்கமாகக் கேட்பார்களே, அதைக் கேட்டார். "ரெண்டு பக்கமும் பேச வேண்டியது, கேக்க வேண்டியது இருந்தா இப்பவே கேட்டுக்கங்க. தட்டு மாறுனப்பறம் பேச்சு இல்லை."

யாரும் பதில் சொல்வதில்லை. அது வெறும் வழக்கம். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"நான் ஒண்ணு கேக்கணும்."

"பொம்பளைக் கச்சேரி ஆரம்பிச்சிருச்சு" என்று ஒரு குரல். சிரிப்பு.

"சிரிங்க, இன்னும் நல்லாச் சிரிக்க ஒண்ணு சொல்றேன்" என்றேன். "மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க நாந்தான் போனேன். மேல மூணாம் வீதியில இன்னொரு மண்டிக்காரர் வீட்டுக்குப் போயிட்டேன். அங்க பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன். தப்பு என்னோடது."

கூடம் குலுங்கிவிட்டது. மண்டிக்காரருக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்படிச் சிரித்தார். நல்ல மனுஷன்தான் சம்பந்தி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் மகன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "அதனால ஒங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியலைங்க. எங்க பிள்ளை படிச்சுக்கிட்டிருக்கா. கல்யாணத்துக்கு அப்பறமும் படிக்கப் போவா, பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போவா. கடைக்குப் போவா, கோயிலுக்குப் போவா. சும்மாவும் தெருவுல நடந்து போவா. அதுக்குச் சம்மதந்தானே?"

அவர் சிரித்த முகத்தோடேயே சொன்னார். "என்னம்மா நீங்க, அந்தக் கஷ்டமெல்லாம் அவளுக்கு எதுக்கு? எங்க வீட்டு மருமகளுக வாசப்படி தாண்ட வேண்டியதே இல்லை. எல்லாம் வீடு தேடி வந்துரும். மூத்தவ வந்து நாலு வருசமாச்சு, தெரு மொனை எங்கிட்டு இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. அப்படி வச்சுத் தாங்குறோம்."

பெருமையாகத்தான் சொன்னார். அவர் பக்கத்துக்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நம் பக்கத்திலும் இரண்டு மூன்று தலை ஆடியது. இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கொழுந்தனார், "அப்பறம் என்னப்பா, தட்டை எடு" என்றார். உங்கள் மகன் தட்டைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே வைத்திருந்தார். நீட்டவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"ஐயா" என்றார். "எங்க ஆத்தா அறந்தாங்கியிலேருந்து வாக்கப்பட்டு வந்தவங்க. இந்த ஊர்ல அவங்க கால் படாத சந்து கெடையாது. சின்னப் பிள்ளையில அதுக்காக நான் அவங்களோட சண்டை போட்டிருக்கேன், மத்தப் பயலுக கேலி பண்றானுகன்னு. அவங்க பேரைத்தான் எம் மகளுக்கு வச்சிருக்கேன்." தட்டை மடியில் இறக்கிக்கொண்டார். "மன்னிச்சிருங்க. வாக்கு தவறுனவன்னு என்னைச் சொல்லிக்கங்க. எம் மாமியாளைச் சொல்ல வேணாம்."

அவர்கள் பந்தியில் உட்காராமல் எழுந்து போனார்கள். வாசலில் நின்று மண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். என்ன தப்புச் செய்தோம் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பையன் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே பாப்பா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். பாவமாக இருந்தது. நல்ல பையன் என்று தரகர் சொன்னது பொய்யில்லையோ என்னவோ. அவனிடம் யாருமே ஒன்றும் கேட்கவில்லையே?

என் மகள் அடுப்படியில் பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பாப்பா போய் அவள் மேல் சாய்ந்துகொண்டாள். உங்கள் மகன் இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் காலையில் பாப்பா கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

எனக்கு ஊரில் புதுப் பெயர் வந்துவிட்டது. கீரைக்காரி கூடையை இறக்கும்போதே, "எந்த மூணாம் வீதிக்குப் போயிட்டு வாரீங்க?" என்கிறாள். சந்தையில் ஒருவன், "ஆத்தாவுக்கு யாராச்சும் வழி காட்டுங்கப்பா" என்கிறான். கேட்டுக்கொள்கிறேன். திருப்பிக் கொடுக்கவும் செய்கிறேன். அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. நம் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மணமேல்குடிப் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேனே? அதற்கப்புறம் ஒரு தடவை போனேன். தண்ணீர் கேட்டேன். பதில் இல்லை. உள்ளே வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவளுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ. நான்தான் அந்தக் கல்யாணத்தை நிறுத்தியவள் என்று தெரிந்திருக்குமோ? என்மேல் கோபமாக இருக்குமோ? கூட ஒருத்தி வந்திருந்தால் பேச்சுத்துணையாக இருந்திருக்கும் என்று நினைத்திருப்பாளோ? ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். வந்ததிலிருந்து இப்படித்தான், உட்காருவதும் எழுந்திருப்பதும்.

எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று தோன்றுகிறது. வீதி அவர்களுடையதாக இருக்கலாம், சந்து யாருடையதும் இல்லை. அங்கே ஒரு கிழவி நின்று பேசினால் யார் என்ன செய்துவிட முடியும்? உங்கள் திவசம் முடிந்த மறுநாள் போகப்போகிறேன். கதவைத் தட்டமாட்டேன், தண்ணீரும் கேட்கமாட்டேன். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாக, இந்த ஊரைச் சொல்லப்போகிறேன். இன்றைக்கு வடக்கு மூன்றாம் வீதி என்றால் நாளைக்குத் தெற்கு. திசையோடுதான் சொல்வேன். எந்த மூலையில் என்ன மரம், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த வீட்டுக்காரி எதற்குச் சண்டை போடுகிறாள், எல்லாம். கிறுக்கி என்பார்கள். ஏற்கனவே சிரித்தாயிற்று, இன்னொரு தடவை சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் என்றைக்காவது அந்தப் படியைத் தாண்டினால் வழி கேட்டு நிற்கக்கூடாது. அது வரைக்கும் நிறுத்தமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு, சம்பந்தி.

இப்படிக்கு,
இன்னும் வீட்டுக்குள் உட்காரப் பழகாத,
உங்கள் மருமகளைப் பெற்றவள்.